மணிக்கட்டில் விழுகிற கோடு

வணக்கம் நேயர்களே. அலுமினிய லப்டொப்பில் மணிக்கணக்காகத் தட்டச்சு செய்கிறவர்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். சிவந்த கோடு ஒன்று விழுந்திருக்கலாம். சில மொடல்களின் முன்விளிம்பு அவ்வளவு கூர். மட்டக்களப்பு கல்லடியில் லப்டொப் திருத்துகிற என்னிடம், "அண்ணன், இதைக் கொஞ்சம் அராவித் தாங்க" என்று மாணவர்கள் வருவார்கள்.

அராவலாம். ஆனால் மேலே தெரிகிற சாம்பல் நிறம் பெயின்ட் அல்ல. அனோடைசிங் முறையில் அலுமினியத்தின் மேற்பரப்பையே ஒட்சைட்டாக மாற்றிய படலம் அது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தடிப்புத்தான். அராவிய இடத்தில் வெள்ளி நிறம் வெளியே வந்துவிடும், வீட்டில் பழைய நிறத்தைக் கொண்டுவர வழியில்லை. வியர்வையும் கடற்காற்றின் உப்பும் உலோகத்தை அரிக்காமல் காப்பதும் அந்தப் படலம்தான். நம்மூரில் இது சின்ன விஷயமல்ல. அதனால் கை படுகிற நீளத்தை மட்டும், கூர் முறிகிற அளவுக்கு மட்டும் தொடுங்கள். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த உடல் என்றால் விட்டுவிடுவதே நல்லது.

எனக்கு உண்மையில் பயம் தூள்தான். அலுமினியத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். விசைப்பலகைக்குள்ளோ யூஎஸ்பி துளைக்குள்ளோ விழுந்தால் ஷோர்ட் ஆகலாம். காந்தம் வைத்து எடுக்கவும் முடியாது, அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே முழுவதும் நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மூடியை மூடி, எல்லா இடைவெளியையும் துளையையும் மாஸ்கிங் டேப்பால் அடையுங்கள். விளிம்பு கீழே பார்க்கும்படி சரித்துப் பிடித்தால் தூள் தரையில் விழும்.

நகைப் பட்டறையில் வைத்திருக்கிற பல் நெருங்கிய சிறு அரம் போதும். சரிவாகப் பிடித்து, ஒரே திசையில், மெதுவாக இழுங்கள். அப்புறம் 400, 600, 1000 என்று வரவர நைசான சாண்ட் பேப்பர். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம். சுழலும் கிரைண்டர் கிட்டவே வரக்கூடாது. பல மொடல்களில் அந்த விளிம்புக்குப் பின்னால்தான் பற்றரி இருக்கிறது. முடிந்ததும் வாயால் ஊதாதீர்கள், ஈரம் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு டேப்பை எடுங்கள்.

இன்னொன்று. அந்தப் படலம் மின்சாரத்தைத் தடுப்பது. அது போன இடத்தில் கை வைத்தால், இரண்டு பின் சார்ஜர் போட்டிருக்கும்போது லேசாக விறுவிறுக்கலாம். எர்த் உள்ள மூன்று பின் வயரை, எர்த் சரியாக உள்ள பிளக்கில் பாவியுங்கள்.

கடைசியாக விளிம்பின்மேல் பஞ்சை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்குகிற இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது.