கருத்து வேண்டாம், கணக்கு கேளுங்கள்

(பெங்களூர் அல்சூரில் நடந்த ஒரு தமிழ் அமைப்பின் மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசைப் பெரியவர்களுக்குத் தனி வணக்கம். இன்று கொஞ்சம் உங்களைத்தான் குறை சொல்லப் போகிறேன், அதனால். அந்தக் குறையில் நானும் சேர்த்திதான்.

அழைப்பிதழில் 'நகர வாழ்வும் சமூகச் சிக்கல்களும்: கல்லூரி மாணவர் பார்வை' என்று போட்டிருக்கிறது. மாணவர் பார்வையைச் சொல்ல, எழுபதைத் தொடப் போகிறவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, வந்தாயிற்று. வெறுங்கையோடு வரக் கூடாது என்று, வாரம் இரண்டு நாள் நான் இன்னும் பாடம் எடுக்கப் போகும் கல்லூரியில், தமிழ்ப் பிள்ளைகள் முப்பது சொச்சம் பேரிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். 'இன்றைய சமூகத்தின் பெரிய பிரச்சினை எது?' அவ்வளவுதான் கேள்வி.

ஊழல், வேலையில்லாத் திண்டாட்டம், மாசு, போதை என்று வந்தன பதில்கள். எல்லாம் எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டிச் சரக்கு. பிள்ளைகள் மேல் தப்பில்லை. பெரியவர்கள் இப்படிக் கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நாம்தானே பழக்கினோம்!

அடுத்த வாரம் வேறு மாதிரிக் கேட்டேன். 'நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உன் நேரமும் பணமும் எங்கே போயின? பற்று, வரவு எழுது.' வணிகவியல்காரனுக்கு வேறென்ன தெரியும்? போன வாரம் நாலு வரியோடு நின்ற பிள்ளைகள் இந்த முறை கூடுதல் தாள் கேட்டார்கள். அந்தத் தாள்கள் பையில் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதல் தாள் கோலார் தங்கவயல் பெண்ணுடையது. காலை நாலரைக்கு எழுந்திருக்கிறாள். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் வருகிறாள். திரும்பி வீடு சேர இரவு எட்டு. போக வர ஐந்து மணி நேரம். வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் அரை மணி நேரத் தூக்கம். அதை வரவில் எழுதியிருக்கிறாள். இடம் கிடைக்காத நாளைப் பற்றில். முப்பது வருடமாகப் பேரேடு சொல்லிக் கொடுத்த நான் தூக்கத்தை வரவு வைத்துப் பார்த்ததில்லை.

தங்கவயலைப் பற்றி இங்கே பலருக்கும் தெரியும். உங்களில் சிலருக்கு அம்மா வீடே அங்கேதான் இருக்கும். காவிரியில் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் போனது அந்தச் சுரங்கங்களுக்கு. பெங்களூருக்கு விளக்கு எரிந்தது 1905இல். அப்படி இருந்த ஊரில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊரே ரயிலேறிப் பிழைக்கிறது. இந்தப் பெண் அதற்கப்புறம் பிறந்தவள். தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: 'தாத்தா மூணு கிலோமீட்டர் கீழே போய் வந்தார். நான் நூறு கிலோமீட்டர் பக்கவாட்டில் போய் வருகிறேன்.' அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், அவள் மிகைப்படுத்தவில்லை. போன வாரம் இதே பெண் 'வேலையில்லாத் திண்டாட்டம்' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தாள்.

அடுத்தது ஓசூர்ப் பெண். ஓசூரிலிருந்து ஜூஜூவாடி வரைக்கும் டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். எந்த ஊர்க்காரி என்று யாரும் கேட்பதில்லை. எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் பெங்களூர் பஸ் ஏறுகிறாள். இங்கேயும் 2023 ஜூன் 11 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் கர்நாடக முகவரியோடு அடையாள அட்டை காட்ட வேண்டும். இவள் ஆதாரில் ஓசூர். பக்கத்து இருக்கைத் தோழி பூஜ்ஜிய டிக்கெட்டில் போகிறாள், இவள் சில்லறை தேடுகிறாள். ஒரே வகுப்பு, ஒரே பஸ், ஒரே வெயில். கோபமாக எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. 'அவங்க வரிப்பணம், அவங்க கேக்கறது நியாயம்தான். ஆனா கண்டக்டர் எல்லார் முன்னாடியும் சத்தமா கேக்கும்போது ஒரு மாதிரி இருக்கு' என்று எழுதியிருக்கிறாள்.

பொம்மசந்திராவிலிருந்து 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ வந்துவிட்டதே, அதில் வரலாமே என்று கேட்டேன். 'வரலாம் சார். பரீட்சை அன்னைக்கு மட்டும் வர்றேன்' என்றாள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் மெட்ரோவின் உச்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ஆக்கினார்கள். காசு இருந்தால் நேரம் மிச்சம், இல்லாவிட்டால் சில்க் போர்டு நெரிசலில் நிற்க வேண்டியதுதான். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுப்பதை, பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு அத்தியாயமே நடத்துகிறோம். அவள் அதைப் பரீட்சைக்கு என்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இந்தத் தாளைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பையனுக்கு ஊர் தஞ்சாவூர் ஒரத்தநாட்டுப் பக்கம், அப்பா விவசாயி. இங்கே மடிவாளாவில் பிஜி என்கிற தனியார் விடுதியில் மூன்று பேர் ஒரு அறை. நேற்றைய கணக்கு எழுதச் சொன்னால் இவன் 2024 மார்ச் மாதக் கணக்கை எழுதியிருக்கிறான். அப்போது புதிதாக வந்து சேர்ந்தவன். போர்வெல் வற்றிவிட்டது. ஆளுக்குக் காலையில் ஒரு வாளி. டேங்கர் வரும் சத்தம் கேட்டால் சோப்பு நுரையோடு ஓடுவார்களாம். குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது அந்த மாதம்தான். கழுவக் கார் இருந்தவர்களுக்கு அது செய்தி.

பையன் எழுதுகிறான்: அப்பா போன் பண்ணி 'அங்கே தண்ணி இருக்காப்பா?' என்று கேட்டார். இருக்கு என்று பொய் சொன்னான். ஜூன் பிறந்தது. மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஆம் தேதி வந்து போயிற்று, அணை திறக்கவில்லை. இப்போது இவன் போன் பண்ணி 'அங்கே தண்ணி வந்துச்சாப்பா?' என்று கேட்கிறான். அப்பா, வந்துரும் என்கிறார். ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். குறுவை நெல் போன கதையை அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

2018 பிப்ரவரி 16ஆம் தேதி காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தண்ணீர் 177.25 டிஎம்சி என்று குறைந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு. இந்த ஊருக்குள் காவிரி ஓடவில்லை. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஆகவே அந்தப் பையன் குளிக்கும் வாளியில் அவன் அப்பா வயலுக்குப் போயிருக்க வேண்டிய நாலு சொம்புத் தண்ணீர் இருக்கலாம். அவன் எந்தப் பக்கம்? அதைத்தான் அவனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 'சார், நான் வாளியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவன். ரெண்டு பக்கமும் வேணும்' என்றான். காவிரி என்றதும் நம் தலைமுறை கொடியைத் தேடும். 1991 டிசம்பரில் இங்கே தமிழர்கள் மேல் நடந்த காவிரிக் கலவரத்தை நேரில் பார்த்த எனக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை. இந்தப் பையன் கையில் வாளி மட்டும்தான் இருந்தது.

பயம் என்றதும் இதே பெங்களூர் ஸ்ரீராமபுரத்துப் பையன் நினைவுக்கு வருகிறான். இங்கே நாலாவது தலைமுறை. பஸ்ஸில் தமிழில் போன் பேசாதே என்று பாட்டி இன்னும் சொல்லி அனுப்புகிறார்களாம். அவன் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம். ஊரிலிருந்து வந்த பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். அவனோ இவர்களைப் பார்த்து, 'வந்து ஒரு வருஷமாச்சு, இன்னும் கன்னடா கொத்தில்லன்னே சொல்லிட்டுத் திரியறாங்க. சொல்ப கலீத்தா இத்தீனின்னு சொன்னா வாய் வலிக்குமா?' என்கிறான். முதலாவது கன்னடம் தெரியாது என்பது, இரண்டாவது கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது. நியாயமான கேள்வி. இந்த மண்டபத்திலும் சிலரைப் பார்த்துக் கேட்கலாம்.

தர்மபுரிப் பையன் ஒருவன் இரவில் பைக் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். 2025 ஜூன் 16ஆம் தேதி தடையால் அது நின்றதும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மாறினான். பகுதி நேர வேலை என்று மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறான், என்ன வேலை என்று சொல்லவில்லை. இந்த வேலைக்காரர்களுக்காகக் கர்நாடகத்தில் 2025இல் ஒரு சட்டம் வந்தது. நிறுவனங்கள் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை நல நிதிக்குக் கட்ட வேண்டும். அவனுக்கு அதைப் பற்றித் தெரியவில்லை. நான் சொன்னதும், 'அதுல மழைக்கு ஏதாவது உண்டா சார்?' என்று கேட்டான்.

ஒரு விஷயத்தில் பிள்ளைகளோடு எனக்குச் சண்டை. குப்பை, குழி, தெருவிளக்கு என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள், யாரிடம் போய்க் கேட்பது என்று ஒருவரும் எழுதவில்லை. கவுன்சிலர் என்று ஒருவர் உண்டே என்றேன். விழித்தார்கள். அப்புறம்தான் எனக்கே உறைத்தது: மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். அந்த மன்றம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். இந்தப் பிள்ளைகள் ஒரு கவுன்சிலருக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதே இல்லை. பாதிச் சண்டையோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

நேரமாகிறது, முடிக்கிறேன். இன்றைக்கு என் இடத்தில் தங்கவயல் பெண்ணைத்தான் பேச வைக்க நினைத்தேன். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆறு மணி என்றேன். 'ஆறு மணிக்கு நான் ரயில்ல இருப்பேன் சார். ஞாயிற்றுக்கிழமை பகல்ல வெச்சா வர்றேன்' என்றாள். செயலாளர் ஐயா, மண்டபம் எந்த ஞாயிறு காலி என்று இப்போதே பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஒன்பது மணிக்குள் தகவல் அனுப்ப வேண்டும், அதற்கு மேல் அவள் தூங்கிவிடுவாள்.