நேர்ந்துவிட்ட சேவல்

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டில் 22 வருடமாக நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கோழியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எல்லோரும் கோழிகளைக் கொல்கிற வெள்ளைக்கழிச்சல் நோயைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் இன்று பேச வந்தது சேவலைப் பற்றி. ஆளைக் கண்டால் பாய்ந்து அடிக்கிற சேவலைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன்னால் என் பேரனுக்கு விடாத காய்ச்சல். எங்கள் முனியப்பனுக்குச் சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டேன். தையில் பொரித்த குஞ்சுகளில் கொண்டை சிவந்து சேவல் என்று தெரிந்ததும் ஒன்றைத் தனியாகப் பிரித்தேன். சாமிக்கு விட்டது என்பதால் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. உள்ளங்கையில் நொய் வைத்து ஊட்டினோம். மடியில் தூங்கும். ஏழாவது மாதத்தில் வாளியைக் கொத்த ஆரம்பித்தது. அப்புறம் என் முந்தானையை. அப்புறம் பால்காரர் காலை. "சாமி சேவல், வீரமாத்தான் இருக்கும்" என்றார் என் மாமியார். நேர்ந்துவிட்டதை அடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. வைகாசித் திருவிழா வரைக்கும்தானே என்று விட்டுவிட்டோம்.

அடுத்த பங்குனியில் ஒருநாள் காலை. பேரனுக்கு அப்போது மூன்றரை வயது. திண்ணையை விட்டு இறங்கி முருங்கை மரத்தடிக்குப் போனான். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவல் தலையைத் தாழ்த்தி, ஒன்றுமே இல்லாத மண்ணைக் கொத்தியது. ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் இறக்கிக் காலில் உரசவிட்டுப் பக்கவாட்டில் அரைவட்டம் போட்டது. கழுத்து மயிர் குடை மாதிரி விரிந்தது. பிள்ளையோடு விளையாடுகிறது என்று நினைத்தேன். நான் வாசலுக்கு வருவதற்குள் எகிறி இரண்டு காலாலும் அடித்துவிட்டது. சேவல் எகிறும் உயரமும் மூன்று வயதுப் பிள்ளையின் முக உயரமும் ஒன்றுதான். சேவலின் காலுக்குப் பின்னால் வளர்கிற முள் இடது கண்ணுக்கு அரை விரற்கடை கீழே கிழித்திருந்தது. நான்கு தையல். கண் தப்பியது.

அந்த அரைவட்டத்தின் அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் கத்தியாவது இருப்பேன். இதைக் கேட்கிற தாய்மார்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டையிடம் அந்த ஆட்டம் ஆடினால் அது கூடல். உங்கள் முன்னாலோ உங்கள் பிள்ளை முன்னாலோ ஆடினால் அது சண்டைக்கு அழைப்பு.

சேவல் ஏன் மனிதரிடம் சண்டைக்கு வருகிறது? அதற்குக் கூட்டம்தான் உலகம். அதில் யார் பெரியவர், யார் சிறியவர் என்ற வரிசை உண்டு. மூத்த சேவலிடமும் தாட்டியமான பெட்டைகளிடமும் அடிவாங்கி வளர்கிற விடைச்சேவல், அதாவது இளஞ்சேவல், தன் இடத்தைக் கற்றுக்கொள்ளும். தனியாக, கையில் ஊட்டி, மடியில் வைத்து வளர்த்த சேவலுக்கு நம்மிடம் பயம் போய்விடுகிறது. அது நம்மையே தன் கூட்டமாக எண்ணிக்கொள்கிறது. ஐந்து மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் பருவம் வரும்போது கூட்டத்தில் இருக்கிற இன்னொரு சேவலாக நம்மைப் பார்க்கிறது. பாசத்தால் நான் செய்த தப்பு அது. வம்சக் குணமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சேவலை அப்படி ஆக்கியதில் பாதி நாங்கள்தான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். சேவல்கட்டுக்கு வளர்ப்பவர்களின் அசீல் என்ற சண்டை இனச் சேவல் இன்னொரு சேவலைக் கண்டால் உயிரை விட்டு அடிக்கும். வளர்ப்பவர் கையில் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். அந்தச் சண்டையில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் தினமும் தூக்கி, உருவிவிட்டு, குளிப்பாட்டிக் கையாண்ட சேவல் மனிதரை அடிப்பது அபூர்வம் என்பதை அவர்களிடம்தான் பார்த்தேன். நானும்தான் கொஞ்சினேன். ஆனால் அது தானாக மடியில் ஏறும், தானாக இறங்கும். பிடிப்பதும் விடுவதும் நம் கையில் இருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

சேவல் பாய்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று ஓடுகிறோம், இல்லாவிட்டால் விளக்குமாற்றால் அடிக்கிறோம். ஓடினால் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து அடுத்த நாளும் விரட்டும். அடித்தால் சண்டைக்குச் சம்மதித்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தம். தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் பாவம், பலனும் இல்லை. நின்ற இடத்தில் நில்லுங்கள். முதுகைக் காட்டாமல் அதன் பக்கம் மெதுவாக ஓர் எட்டு வையுங்கள். அது வேறு பக்கம் திரும்பி மேயப் போகும் வரை நீங்கள் நகராதீர்கள். முழங்கால் வரை மறைக்கிற பழைய முறத்தையோ பலகையையோ கையில் வைத்துக்கொண்டால் தைரியமாக நிற்கலாம். அடிக்க இல்லை, தடுக்க மட்டும்.

இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். துள்ளுவது நின்று உடம்பு தளர்ந்த பிறகு இறக்கிவிட வேண்டும். துள்ளும்போது விட்டால் அதற்கு அதுதான் பாடம். என் அனுபவத்தில் இரண்டு மூன்று வாரத்தில் பல சேவல்கள் வழிக்கு வந்திருக்கின்றன. எல்லாம் வராது.

முள்ளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே இருப்பது நம் நகம் மாதிரி. உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கிறது. அடியோடு வெட்டினால் ரத்தம் கொட்டும். நான் ராத்திரியில் கூண்டடைந்த பிறகு சேவலை எடுத்து, கண்ணைத் துணியால் மூடி, முள்ளின் கூரான நுனியை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்குவேன். மாதம் ஒருமுறை செய்தால் போதும். அதற்கு வலிக்காது, நமக்கும் கிழியாது.

பெட்டைகளைப் பாருங்கள். முதுகு மயிர் உதிர்ந்து தோல் தெரிகிறதா, கொண்டையில் காயமா? சேவல் அதிகம் என்று அர்த்தம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். 40 குஞ்சு வாங்கினால் பாதி சேவலாகத்தான் இருக்கும். ஐந்தாம் மாதத்துக்குள் வேண்டாததைக் கழித்துவிட வேண்டும்.

காயம் பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கோழியால் வெறிநாய்க்கடி நோய் வராது. டெட்டனஸ் வரலாம். ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பெரியவர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயது அம்மா ஒருவரின் காலில் சேவல் கொத்தி, சுருட்டிய நரம்பு கிழிந்து, ரத்தம் நிற்காமல் இறந்தே போனார். அதை ஆராய்ந்த மருத்துவர்கள் 2019-இல் எழுதியிருக்கிறார்கள். என் மாமியாருக்கும் அதே நரம்புச் சுருட்டு. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவரைத் தனியாகக் கூண்டுப் பக்கம் விடுவதில்லை.

எங்கள் சேவலுக்கு வருகிறேன். தையல் போட்டு வந்த அன்று மாலையே பூசாரியைப் போய்ப் பார்த்தேன். "நேர்ந்தது சேவலைத்தான், பிள்ளை கண்ணை இல்லை. அடைச்சு வை தாயி" என்றார். கம்பிவலை கட்டி, இரண்டு பெட்டையோடு வைகாசி வரை அடைத்து வைத்தேன். பூட்டின சாவி என் இடுப்பில்தான் இருந்தது. திருவிழாவில் நேர்த்திக்கடன் முடிந்தது. ஆனால் சேவல் போன பிறகும் அதன் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அதனால் அந்த இரண்டு பெட்டைகளின் முட்டையை ஒரு மாதத்துக்கு அடைக்கு வைக்கவே இல்லை. ஆளைக் கொத்துகிற சேவலை வம்சம் விருத்தி பண்ணக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதற்காகத் துணிச்சலான சேவலையெல்லாம் கழித்துவிடாதீர்கள். இப்போது இருக்கும் சேவலை என் நாத்தனார் வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். மூத்த சேவலோடு கூட்டத்தில் வளர்ந்தது. வானத்தில் பருந்து நிழல் தெரிந்தால் ஒரு குரல் கொடுக்கும்; அத்தனை குஞ்சும் வேலிக்கு அடியில் போய்விடும். கம்பு இறைத்தால் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடும். கீரியை எதிர்த்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். நான் கூண்டைத் திறந்தால் ஒதுங்கி வழிவிடும். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னோடு முட்டை எடுக்கிறான். கண்ணுக்குக் கீழே வெள்ளைக் கோடு மாதிரி தழும்பு இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் ஐந்தாறு மாத விடைச்சேவல் இருந்தால் இன்று கூண்டடைந்த பிறகு அதை எடுத்து ஒரு கால்மணி நேரம் கையில் வைத்திருந்து பாருங்கள். இருட்டில் பிடிப்பது சுலபம். முள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அப்படியே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.