ஜாம் ஆன ட்ரம்மும் ஆசாரியின் சின்னச் சுத்தியலும்

கோவை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் மனசு எப்போதும் பழைய கார்களிடம்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையில் ஸ்பேனர் இருக்கும். இன்றைக்கு எஞ்சினைப் பற்றியோ பெயின்ட் வேலையைப் பற்றியோ பேசப் போவதில்லை. வருசக்கணக்கில் நின்றுபோன வண்டியில், சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க் என்கிற தட்டோ ட்ரம் என்கிற கிண்ணமோ, சக்கரத்தைத் தாங்குகிற ஹப் என்கிற நடுப்பகுதியோடு ஒட்டிக்கொண்டு, கழலாமல் அடம்பிடிக்குமே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புதுசில்லை. பம்ப்செட்டைப் பிரித்து இம்பெல்லரை எடுக்கப் பார்த்திருப்பீங்க. நட்டைக் கழற்றியாச்சு, சாஃப்ட்டில் செருகின சாவியும் வந்தாச்சு, இம்பெல்லர் மட்டும் சாஃப்ட்டை விட்டு இம்மியும் அசையாது. காரிலும் அதே கதைதான். ஹப்பின் நடுவில் வட்டமாக ஒரு மேடு இருக்கும். டிஸ்க்கின் நடு ஓட்டை அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் தலைமுடி நுழையும் அளவுக்குத்தான் சந்து. அந்தச் சந்தில் ஈரம் போய்த் துரு பிடிக்கிறது. ஒரு படி இரும்பு துருவானால் இரண்டு படியாவது ஆகும், துருவின் வகையைப் பொறுத்து ஆறு படி வரைக்கும் போகும். நெல் மூட்டை நனைந்தால் புடைத்துக்கொண்டு பக்கத்து மூட்டையை நெருக்குமே, அந்த மாதிரி. இதைக் கொஞ்சம் மனசில் வையுங்க. அங்கே பசையும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. இடம் போதாமல் இறுகி நிற்கிறது, அவ்வளவுதான்.

சென்னைப் பக்கம் கடல் காற்று வண்டியைத் தின்றுவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் எல்லாவற்றையும் ஈரமாக்கி வைத்திருக்கும். அதோடு போர்த்தண்ணி. உப்புத் தண்ணியில் வண்டியைக் கழுவி, ஒரு ஓட்டம் ஓட்டிப் பிரேக்கைக் காய வைக்காமல் அப்படியே தோட்டத்துச் சாளையில் நிறுத்திவிடுகிறோம். துருவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது என் மாமா வண்டியின் கதையைச் சொல்கிறேன். இந்த வேலையை நான் கற்றுக்கொண்டதே அதில்தான்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் மாமாவுடைய வெள்ளை அம்பாசிடர் நின்றது. மாமா காலமான பிறகு ஆறு வருசம் அதை யாரும் தொடவில்லை. கைப்பிரேக் போட்டபடியே நின்றது. அத்தை ஒருநாள் கூப்பிட்டு, "ஏங் கண்ணு, மாமா வண்டியிலதான் புள்ளய மண்டபத்துக்குக் கூட்டிப் போகோணும். எப்படியாச்சும் ஓட வெச்சுக் குடு" என்றார். கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. எஞ்சின் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டது. அந்தப் பழைய அம்பாசிடரில் நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்தான். மூன்று ட்ரம் வந்துவிட்டது. பின்பக்கம் இடது சக்கரம் மட்டும் வரவில்லை.

எனக்கு அப்போது வயசு, வேகம். சம்மட்டியை எடுத்து ட்ரம்மின் ஓரத்தில் நாலு போடு போட்டேன். அஞ்சாவது போட்டில் ஓரம் பிறை நிலா மாதிரி உடைந்து மண்ணில் விழுந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், உப்புக்கல் உடைத்தாற்போலப் பொடிப்பொடியாக இருந்தது. டிஸ்க்கும் ட்ரம்மும் வார்ப்பிரும்பு. கோயம்புத்தூரில் ஃபவுண்டரி பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், சூட்டைத் தாங்கும். ஓரத்தில் விழுகிற அடியைத் தாங்காது. உள்ளே இருக்கிற பேரிங்கும் தாங்காது. அடித்தது ட்ரம்மை என்றாலும் அடி போய் இறங்குவது பேரிங்கில்தான்.

அத்தைதான் ஊர் ஆசாரியை வரச் சொன்னார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற பெரியவர். காரைப் பிரித்துப் பழக்கமில்லாதவர். வந்ததும் குத்தவைத்து உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தார். "சுத்தவே மாட்டேங்குதே தம்பி. உள்ளார புடிச்சிருக்கறத மொதல்ல உட்டீங்களா?" என்று கேட்டார். நான் விடவில்லை. கைப்பிரேக் கேபிளைத் தளர்த்தவில்லை, ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூவைப் பின்னுக்கு இழுக்கிற அட்ஜஸ்டரையும் தொடவில்லை.

அந்த ஒரு கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு சக்கரத்திடமும் கேட்கிறேன். ட்ரம் சுற்றவே இல்லையென்றால் ஷூவின் மேல் இருக்கிற லைனிங் பட்டை ஒட்டியிருக்கிறது, இல்லை கைப்பிரேக் பிடித்திருக்கிறது. சுற்றுகிறது, ஆனால் துளிகூட வெளியே வரவில்லையென்றால் நடுவில் துரு. கொஞ்சம் வந்து, ஸ்பிரிங் மாதிரி திரும்பப் போகிறதென்றால் ஷூ ட்ரம்மைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே பள்ளம் ஆக்கியிருக்கும், ஓரத்தில் வரப்பு மாதிரி நிற்கிற மேட்டில் ஷூ மாட்டிக்கொள்கிறது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். எது என்று தெரியாமல், இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டி இறுக்கினால் ஏதாவது ஒன்று உடையும்.

அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் சக்கரம் முனகிக்கொண்டு சுற்றியது. நடுவில் இருந்த பிடி மட்டும் அப்படியே இருந்தது. ஆசாரி ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். சக்கர நட்டு மாட்டுகிற ஸ்டட்டுகளுக்கு நடுவில், ட்ரம்மின் முகத்தில், தாளம் போடுகிற மாதிரி தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "தொப்பு தொப்பு"ன்னு ஈரமண்ணில் தட்டுகிற சத்தம். நடுவட்டத்தைச் சுற்றி எண்ணெய் விட்டார். மறுபடி ஒரு சுற்றுத் தட்டினார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாரனுங்க" என்று போய்விட்டார்.

மூன்று நாள் இப்படியே நடந்தது. காலையும் சாயங்காலமும் எண்ணெய், ஒரு சுற்றுத் தட்டல். எனக்குப் பொறுக்கவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பக்கத்தில் மட்டும் சத்தம் மாறியது. "டங்"கென்று கோயில் மணி மாதிரி. எண்ணெய் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் தீயைப் பீய்ச்சுகிற புளோ லாம்ப்பைப் பற்றவைத்து, நடுவட்டத்தைச் சுற்றி மட்டும் கொஞ்ச நேரம் காட்டினார்.

வரட்டியை அடுக்கி இரும்புப் பட்டாவைச் சுடவைத்து, விரிந்ததும் மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணி ஊற்றுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீங்க. அதே வித்தைதான். கணக்குப் போட்டால் இப்படி வரும்: நடு ஓட்டை 65 மில்லிமீட்டர் என்று வையுங்க. ட்ரம் மட்டும் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஓட்டை ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர் விரியும். துரு அடைத்த சந்துக்கு அதுவே பெரிய வாசல். ஹப்பும் சேர்ந்து சூடானால் இரண்டும் விரிந்து பலன் போய்விடும். அதனால் சுருக்காக, வெளியிலிருந்து, சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும்.

காய்ந்த தேங்காய்த் தொட்டி பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். ட்ரம் ஆசாரி மடியில் வந்து உட்கார்ந்தது. உள்ளே மஞ்சள் தூள் மாதிரித் துரு, லைனிங் தூள், ஒரு மூலையில் குளவி கட்டிய மண்கூடு. எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. அத்தை உள்ளே போய் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தார். நான் உடைத்த ட்ரம்முக்குப் பதிலாக உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒன்று தேடி வாங்கினேன். உடைந்த ட்ரம்மை வெல்டு வைத்து ஓட்டக் கூடாதுங்க, எக்காரணம் கொண்டும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பா ஸ்பிரேயை அடித்துவிட்டு அஞ்சு நிமிசத்தில் புல்லரை எடுக்கிறார்கள். டபிள்யூ டி 40 என்ற பெயரிலேயே அந்த டபிள்யூ டி, தண்ணியை விலக்குவது என்பதன் சுருக்கம்தான். நல்ல சாமான், ஆனால் துருவுக்குள் ஊடுருவ அதைவிட மெலிசானது வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து விடுவது என் பழக்கம். தீயிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது, அசிட்டோன் ஆவியாகி, மிச்ச ஆயிலைத் துடைத்த பிறகுதான் சூடு. பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் தீ கூடாது. சில கிளீனர்களில் குளோரின் சேர்ந்த திரவம் இருக்கும், சூடுபட்டால் விஷவாயு வரும். எதை விட்டாலும் நேரம் கொடுங்க. ஒரு ராத்திரியாவது கொடுங்க.

டிஸ்க் பிரேக்குக்கு வருகிறேன். இங்கிலாந்து எஞ்சினியர் லான்செஸ்டர் 1902இலேயே டிஸ்க்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953இல் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தை ஜெயித்த பிறகுதான் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. டிஸ்க்கைக் கழற்றும் முன்னால், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரை எடுத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்க, பிரேக் ஆயில் ஹோஸில் தொங்க விடாதீங்க. நம்ம ஊர் மில் முதலாளிகள் வைத்திருந்தார்களே, பழைய பென்ஸ் 123, அதில் பின் டிஸ்க்குக்கு உள்ளேயே கைப்பிரேக்குக்குச் சின்ன ட்ரம் இருக்கும். சக்கர போல்ட் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு அந்த ஷூவைத் தளர்த்தாமல் டிஸ்க் வராது. மறுபடியும் ஆசாரியின் கேள்விதான்: உள்ளே பிடித்திருப்பதை விட்டாச்சா?

சில வண்டிகளில் கம்பெனிக்காரர்களே வழி செய்து வைத்திருக்கிறார்கள். மாருதி 800 பின் ட்ரம்மில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அதில் மாட்டி, மாற்றி மாற்றிக் கால் சுற்று இறுக்கினால் ட்ரம் தானே எழுந்து வரும். அந்த ஓட்டை இல்லாத டிஸ்க்குக்கு, கேலிப்பர் பிராக்கெட் மாட்டுகிற ஓட்டையில் நீள போல்டை விட்டு, நட்டைக் கொண்டு டிஸ்க்கின் முதுகில் தள்ளலாம். கொஞ்சம் தள்ளி, டிஸ்க்கைத் திருப்பி, அடுத்த இடத்தில் கொஞ்சம் தள்ளி…

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். திருப்பி மாட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாதீங்க, ஈரத்துணியில் துடையுங்க. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேயுங்க. அங்கே ஒரு துருச்செதில் தங்கினாலும் டிஸ்க் ஆடும், பெடல் காலில் துடிக்கும். நடுமேட்டில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லிசாக, துணியில் தொட்டுத் தடவுகிற அளவுக்குத்தான். பிரேக் பிடிக்கிற பரப்பில் படவே கூடாது. மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன்னால் பெடல் கெட்டியாகும் வரைக்கும் மிதியுங்க. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கைப்பிரேக் வேண்டாம், சக்கரத்துக்குக் கட்டை போடுங்க. மாமா வண்டி இன்றைக்கும் அப்படித்தான் கட்டை போட்டு நிற்கிறது.

நன்றி, வணக்கமுங்க.