ஒரே எண்ணை இரண்டு தடவை போட்டால் வாலட் காலி!

[திரையில் இரண்டு கையொப்பங்கள், இரண்டிலும் முதல் பாதி சிவப்பில்]

இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதல் பாதி இரண்டிலும் ஒரே எண். பிட்காயின் பரிமாற்றங்கள் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகும் பேரேடான பிளாக்செயினில் இதைக் கண்ட திருடனுக்கு வாயெல்லாம் பல். ஏனென்றால் இந்தக் கையொப்பங்களைப் போட்ட பிட்காயின் வாலட் இனி அவனுடையது.

பின்னணியை மளமளவென்று முடித்துவிடுகிறேன். பிட்காயின் அனுப்ப, ரகசியச் சாவியால் கையொப்பமிட வேண்டும். 2009-இல் அதற்கு எடுத்துக்கொண்ட கையொப்ப முறையின் பெயர் இசிடிஎஸ்ஏ. அவ்வளவுதான்.

இதில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய எண் வேண்டும். 'கே' என்பார்கள். கையொப்பத்தின் முதல் பாதி இதிலிருந்துதான் வருகிறது. கையொப்பம் என்பது ஒரு சமன்பாடு. தெரியாதவை இரண்டு, உங்கள் சாவியும் இந்தக் கே எண்ணும். ஒரே சமன்பாட்டை வைத்துக்கொண்டு எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே கே எண்ணை இன்னொரு கையொப்பத்திலும் போட்டால்? சமன்பாடு இரண்டு, தெரியாதவை இரண்டு. பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் போட்டோமே, அதே கணக்கு! பழைய லேப்டாப் போதும்.

"இதெல்லாம் எங்கே சாமி நடக்கும்?" என்று கமென்ட் போடப் போகிறவர்களே, சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் கருவியின் மென்பொருளுக்கும் இதே முறைக் கையொப்பம்தான், அதில் கே எண்ணை மாற்றவே இல்லை. 2010 டிசம்பரில் ஹேக்கர்கள் மேடையேறி அதைப் போட்டு உடைத்தார்கள். 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் ராண்டம் எண் தரும் பகுதியிலேயே பழுது என்று தெரிந்தது. அதை நம்பிய வாலட்களில் காசு களவு போனது.

சரி, ராண்டமே வேண்டாம் என்றார்கள். சாவியையும் கையொப்பமிடும் செய்தியையும் சேர்த்து, எதைப் போட்டாலும் திருப்ப முடியாத எண்ணாக அரைத்துத் தரும் ஹேஷில் அரைத்து, அதிலிருந்தே கே எண்ணை எடு. ஆர்எஃப்சி 6979 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்வது இதைத்தான். செய்தி மாறினால் எண்ணும் மாறிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். செய்தி மாறாவிட்டால் கே-யும் மாறாது, இல்லையா? சாவியை உள்ளே வைத்துக் கையொப்பமிடும் சின்னக் கருவி, அதாவது உங்கள் ஹார்டுவேர் வாலட், ஒருவன் கையில் சிக்குகிறது. ஒரே செய்திக்கு இரண்டு தடவை கையொப்பம் வாங்குகிறான். இரண்டாம் தடவை சரியான நொடியில் மின்னழுத்தத்தைக் குலுக்கிக் கணக்கைப் பிசக வைக்கிறான். கே ஒன்று, சமன்பாடு வேறு. மறுபடியும் அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு!

அதனால் 2021 நவம்பரில் டேப்ரூட் என்ற பிட்காயின் மேம்படுத்தலோடு வந்த ஷ்னோர் என்ற வேறு முறைக் கையொப்பத்தில், சாவி, செய்தியோடு கொஞ்சம் ராண்டமும் கலக்கச் சொல்கிறார்கள். ராண்டம் பழுதானாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். வாசலில் விரட்டிய ஆள் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டார்!

ஷ்னோர் கையொப்பம் 64 பைட்தான். பழைய இசிடிஎஸ்ஏ 71, 72. பிட்காயினில் முதலிலேயே ஷ்னோர் ஏன் இல்லை? அதன் காப்புரிமை 2008-இல்தான் முடிந்தது. பரவலாகப் புழங்காத முறையை அடுத்த வருடமே யார் நம்புவார்கள்?

எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் பிளாக்குகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்கள் போடும் பிஎல்எஸ் என்ற முறைக் கையொப்பம் 96 பைட், சரிபார்ப்பதும் மெதுவு. ஆனால் நூற்றுக்கணக்கான கையொப்பங்களை அதே 96 பைட்டில் மடித்துவிடலாம்.

குவாண்டம் கணினிக்கும் தாங்க வேண்டுமா? அதற்காக வந்த எம்எல்-டிஎஸ்ஏ என்ற முறையின் மிகச் சிறிய வடிவத்தில் கையொப்பமே 2,420 பைட். இதை பிட்காயின் பிளாக்கில் எப்படித் திணிப்பீர்கள்? கமென்டில் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.