பையில் போட்ட ஓட்டை

(தலைப்பு: எழுச்சிக் காலத்துப் பாலஸ்தீனத்தை உள்ளபடி காட்டியது செய்திப் படமா, பரிசோதனைக் குறும்படமா? குறும்பட அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். "காலையும் சேற்றையும் காட்டிவிட்டு அதைப் படம் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழந்தை தெரியாமல் செல்போனில் பட்டனை அமுக்கினாலும் அப்படித்தான் வரும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, நான் எழுதிக்கொண்டு வந்ததை மடித்து வைத்துவிட்டேன். அது யாருடைய கால், ஏன் கால் மட்டும் தெரிகிறது என்று சொல்லாமல் நான் உட்காரப் போவதில்லை.

2002 டிசம்பர் 9. இஸ்ரேல் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பாலஸ்தீன மக்கள் கிளர்ந்த முதல் இன்திஃபாதா, அதாவது முதல் எழுச்சி, வெடித்து அன்றோடு சரியாகப் பதினைந்து வருஷம். இரண்டாவது இன்திஃபாதா நடந்துகொண்டிருக்கிறது. எமிலி ஜாசிர் என்ற பாலஸ்தீன-அமெரிக்கக் கலைஞர் மேற்குக் கரையில் உள்ள பிர்சைத் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போகிறார். வழியில் சுர்தா என்ற இடத்தில் இஸ்ரேல் ராணுவத்தின் சோதனைச் சாவடி. வண்டி போகாது, இறங்கி நடக்க வேண்டும். வயதானவர், குழந்தை, நடக்க முடியாதவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. அன்றைக்கு ராணுவம் என்ன முடிவெடுக்கிறதோ அதைப் பொறுத்து, இரண்டு கிலோமீட்டர் வரைகூட நடக்க வேண்டியிருக்கும். தினமும் நடக்கும் இந்த நடையைப் பதிவு செய்து வைப்போம் என்று அவர் நினைத்தார். கேமராவைத் தன் கால்களைப் பார்த்துப் பிடித்தார். கவனியுங்கள், சிப்பாயைப் பார்த்து இல்லை, டாங்கியைப் பார்த்து இல்லை. தன் கால்களைப் பார்த்து.

நிறுத்தினார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டை நீட்டினார். வாங்கிச் சேற்றில் எறிந்தார்கள். குளிர்கால மழையில், டாங்கிக்குப் பக்கத்தில், துப்பாக்கி முனையில் நிற்க வைத்தார்கள். எவ்வளவு நேரம் தெரியுமா? மூன்று மணி நேரம். நாம் தியேட்டரில் டைட்டில் ஓடுவதிலிருந்து, இடைவேளைக்கு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து, வணக்கம் போடும் வரைக்கும் ஆகும் நேரம். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் மழையில் நின்றார். கடைசியில் கேசட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள். ஒரு சிப்பாய் அதைத் தன் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தை அவ்வளவு சீக்கிரம் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கேசட்டில் ராணுவ ரகசியமா இருந்தது? ரோடு இருந்தது. வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் இரண்டு கால் இருந்தது. டாங்கி வைத்திருப்பவனுக்கு அந்தக் காலைப் பார்த்துத்தான் பயம் வந்திருக்கிறது!

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனவர், நனைந்த துணியோடு படமெடுக்கும் ஆசையையும் கழற்றிப் போட்டிருக்கலாம். போடவில்லை. தன் பையில் ஒரு ஓட்டை போட்டார். கேமராவை உள்ளே வைத்தார். மறுபடியும் அதே சுர்தா, அதே சாவடி. போகவும் வரவும், எட்டு நாள். 'கிராசிங் சுர்தா' என்று கலைக்கூடங்களில் இரண்டு திரைகளில் ஓடும் வீடியோ அப்படிப் பிறந்ததுதான். தம்பி, படம் ஏன் சாய்கிறது, ஏன் குலுங்குகிறது என்று இப்போது தெரிகிறதா? பைக்குள் இருக்கிற கேமராவை எந்தக் கையால் நேராகப் பிடிப்பது? உங்கள் வீட்டுக் குழந்தை தெரியாமல் அமுக்கியது. இவர் தெரிந்தே அமுக்கினார், அடுத்தவருக்குத் தெரியாமல் அமுக்கினார்!

செய்திக் கேமராக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்தவர்கள். அவர்களை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செய்தி தேடுவது கல்லையும் புகையையும். கல் பறக்காத செவ்வாய்க்கிழமையிலும் சுர்தாவில் ஜனங்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அதை யார் எடுப்பது?

பாலஸ்தீனக் கலைஞர் ஷரீஃப் வாகெத் 2003-ல் எடுத்த 'சிக் பாயிண்ட்' ஏழே நிமிடம். ஆண்கள் மேடையில் அலங்கார நடை நடக்கிறார்கள். சட்டையில் வயிறு தெரிய ஜன்னல், ஜிப், ஓட்டை. எதற்கு இந்த உடை? பதில் அடுத்துத் திரையில் வருகிறது: சாவடியில் சிப்பாய்க்கு முன்னால் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி நிற்கும் நிஜ மனிதர்களின் புகைப்படங்கள். எமிலியின் சகோதரி அன்னமேரி ஜாசிர் அதே வருஷம் எடுத்த 17 நிமிடக் கதைப்படத்தில் ஒரு படக்குழுவே சாவடியில் மாட்டுகிறது. ஆட்களைப் பிரிக்கிறார்கள், படத்தில் ஒலியும் காட்சியும் பிரிந்துவிடுகின்றன. இதைப் புரியாத படம் என்றார் எதிரணி அம்மையார். அம்மா, தினமும் சாவடியில் நின்றவர்களுக்கு அது புரிந்தது.

நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். ஒரு தாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலைப்பை விட்டு விலகுகிறேன் என்றால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

1988. முதல் எழுச்சியின் மறு வருஷம். மோனா ஹாத்தூம் என்ற பாலஸ்தீனக் கலைஞர் 15 நிமிடத்தில் தன் அம்மாவைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தார். பாலஸ்தீனத்து ஹைஃபா நகரை இழந்து லெபனானின் பெய்ரூட்டில் வாழ்ந்த குடும்பம் அவருடையது. 1975-ல் லண்டனுக்குப் போன மகள் மோனா, லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டதால் அங்கேயே சிக்கிக்கொண்டாள். அம்மா கடிதம் எழுதுகிறாள். அந்த அரபுக் கையெழுத்து வரிவரியாகத் திரை முழுக்க ஓடுகிறது. அதற்குப் பின்னால் மங்கலாக அம்மாவின் உருவம். மகள் ஒவ்வொரு கடிதமாக வாசிக்கிறாள். பின்னணியில் இன்னொரு சத்தம் கேட்கிறது. அம்மாவும் மகளும் எப்போதோ ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிரித்த சத்தம்.

மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசிக் கடிதத்தில் அந்த அம்மா எழுதுகிறாள்: பக்கத்துத் தபால் நிலையம் கார் குண்டில் போய்விட்டதாம். இனிமேல் கடிதம் போட முடியாதாம்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, ஐயா. வணக்கம்.