காக்கையையும் எழுதுங்கள்

வணக்கம். பறவை பார்க்கப் போய்வந்தேன் என்று சொன்னதுமே வருகிற கேள்வி, "புதுசா ஏதாவது கிடைச்சுதா?" என்பதுதான். கிடைக்கும். ஆனால் தினம் பார்க்கும் பறவையை அலுக்காமல் பார்ப்பவர் கண்ணில்தான் புதுசு முதலில் படும் என்பது என் கட்சி.

சென்னைப் பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம், பக்கத்திலேயே குப்பைமேடு, சுற்றிலும் ஐ.டி. கம்பெனிகள். குளிர்காலத்தில் அங்கே நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக நிற்கும். இளஞ்சிவப்புக் கால், ஊசிபோல் நேரான அலகு, தண்ணீரில் கொத்திக் கொத்தி மேயும் விதம் எல்லாம் உங்களுக்குப் பழகிப்போயிருந்தால், அதே கூட்டத்தில் ஒன்று மட்டும் அலகை இடமும் வலமுமாகத் தண்ணீரில் வீசிக்கொண்டு போவது சட்டென்று கண்ணில் உறுத்தும். பைனாகுலரைத் திருப்பினால், அலகு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். அதுதான் கோணமூக்கு உள்ளான்!

சில சமயம் தேடிப் போகவே வேண்டாம், புதுப் பறவையே வீட்டுக்கு வரும். ஆறுமணிக்குருவி என்று ஒன்று, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவோடு இரவாகப் பறந்து வருகிற பறவை அது. அக்டோபர் வாக்கில் சென்னையில் களைத்துப்போய் யார் வீட்டுத் தோட்டத்திலாவது, சில நேரம் ஹாலுக்குள்ளேயே கூட, இறங்கிவிடும். பச்சை முதுகு, நீலம் மின்னும் இறக்கை, வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. பார்ப்பவர்கள் யாரோ வளர்த்த வெளிநாட்டுக் கிளி என்று நினைத்துக் கூண்டு தேடுகிறார்கள். கூண்டெல்லாம் வேண்டாம். கண்ணாடியில் மோதி விழுந்திருந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் சற்று நேரம் இருட்டில் வையுங்கள், தெளிந்ததும் காக்கைகள் இல்லாத புதர்ப்பக்கம் விட்டுவிடுங்கள். சருகைக் கிளறிப் புழு தேடும் பறவை, தரையில் விட்டாலே போதும்.

அப்புறம் ஒரு விஷயம், புதுப் பறவை என்று தோன்றினால் உடனே புத்தகத்தைப் புரட்டாதீர்கள். படத்தைப் பார்த்ததும் பார்க்காத நிறமெல்லாம் பார்த்த மாதிரி தோன்றிவிடும், மனசு அப்படி. முதலில் அலகு, கால், அளவு, என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுதுங்கள், முடிந்தால் ஒரு படம். பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இணையதளமான இ-பேர்டில் (eBird) அரிய பறவையைப் பதிந்தால் தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்பார், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் படத்துக்காகக் கூட்டை நெருங்குவதும், செல்போனில் குரலை ஓடவிட்டு அழைப்பதும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பொங்கல் நாட்களில் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும். காக்கையையும் எழுதணுமா என்று கேட்பார்கள். எழுதணும், மைனாவையும் சேர்த்து.