காற்றுமானியை மொட்டை மாடியில் எங்கே நிறுத்துவது?

அடுத்த கேள்வி பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கிறது. "மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காற்றுமானியைப் பொருத்தியிருக்கிறேன். ஆடி மாதத்தில் தென்னை மரங்கள் வளைந்து ஆடும்போதுகூட மணிக்கு 5, 6 கிலோமீட்டர் என்றுதான் காட்டுகிறது. திசையும் நிலைகொள்வதில்லை. கருவி பழுதா?" என்று கேட்டு, படமும் அனுப்பியிருக்கிறார்.

கருவியைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஐயா. கோளாறு அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. படத்தில் பாருங்கள், அதற்கு மேற்கே ஓரடி ஈரடி தள்ளி மாடிப்படி அறை, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் ஊருக்குக் காற்று வருவதே பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மேற்கிலிருந்துதான். அந்தத் திசையையே அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

தடைக்குப் பின்னால் காற்று குறைவதோடு நிற்பதில்லை, சுழலவும் செய்கிறது. சுவரில் மோதி மேலெழும்பும் காற்று மறுபுறம் சுருண்டு திரும்புகிறது. அதனால்தான் திசைகாட்டும் வால் அலைபாய்கிறது. அதே நேரம் சுவர் விளிம்புக்குச் சற்று மேலே காற்று நெருக்கப்பட்டு, உண்மையைவிட வேகமாக ஓடும். ஒரே மாடியில் ஒரு மூலையில் குறைவாகவும் மறு மூலையில் கூடுதலாகவும் காட்டுவதற்கு இதுதான் காரணம்.

உலக வானிலை அமைப்பு சொல்லும் அளவு, வெட்டவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரம். எந்தத் தடையும் தன் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். 15 மீட்டர் தென்னை என்றால் 150 மீட்டர்! பொள்ளாச்சியில் அப்படி ஓர் இடம் யாருக்குக் கிடைக்கும்? மாடி 7 மீட்டர், பைப் 3 மீட்டர், ஆக 10 வந்துவிட்டது என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சரியல்ல, ஏனென்றால் அந்த வீடே ஒரு தடைதான்.

உங்களால் முடிந்தது இது. மாடிப்படி அறையின் மேற்குச் சுவரில் ஜிஐ பைப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தொட்டியின் தலைக்கு மேல் குறைந்தது 2 மீட்டராவது கருவி உயர்ந்து நிற்கட்டும். 3 மீட்டர் என்றால் இன்னும் நல்லது. பைப் அதிர்ந்தால் அளவும் கெடும், அதனால் மூன்று பக்கமும் இழுகம்பி கட்டுங்கள். துளை போடுவதற்கு முன், காற்று வீசும் ஒரு பிற்பகலில் நீளமான கழியின் நுனியில் ரிப்பனைக் கட்டி அந்த உயரத்தில் பிடித்துப் பாருங்கள். ரிப்பன் ஒரே பக்கமாக நீண்டு பறந்தால் இடம் சரி. மேலும் கீழுமாகத் துள்ளிக் கழியைச் சுற்றிக்கொண்டால் இன்னும் உயர்த்துங்கள்.

பைப் செங்குத்தாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கருவியின் வடக்குக் குறி வடக்கையே பார்க்க வேண்டும். இதற்குக் கைப்பேசித் திசைகாட்டியை இரும்புப் பைப்புக்கு அருகில் வைத்தால் தப்பாகக் காட்டும். வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கு நேர் வடக்கே தெரியும் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ கண்டுபிடித்து அதற்கு நேராகத் திருப்புங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. பைப்புக்கு எர்த் கொடுங்கள். இடி கேட்கும்போது மாடிக்கே போகாதீர்கள்.

மழைமானியையும் அதே பைப்பில் ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த உயரத்தில் காற்று மழைத்துளிகளை வாய்க்கு வெளியே தள்ளிவிடும், அளவு குறைந்துபோகும். வெப்பமானியும் சூடேறிய கான்கிரீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டையும் தோட்டத்தில், மரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.